கோமதியின் விண்ணப்பத்தில் இல்லாத ஒரு தாள்

1

இங்கே பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் டிசம்பரில் வருகின்றன. மெல்போர்னில் அது கோடை. நம் ஊரில் பிளஸ் டூ முடிவு வருகிற அன்று எப்படி வியர்க்குமோ அப்படியே இங்கேயும் வியர்க்கிறது. மற்றதெல்லாம் தலைகீழ். பத்திரிகை அலுவலக வாசலில் கூட்டம் இல்லை. பேப்பரில் யாரும் நம்பர் தேடுவதில்லை. தபால்காரர் ஓர் உறையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார். என் மகள் நித்யா அதைப் பிரித்துப் பார்த்தாள், ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாள், தோழிகளோடு கடற்கரைக்குப் போய்விட்டாள்.

நான் வேலையிலிருந்து வந்து அதைப் பார்த்தேன். நல்ல மதிப்பெண். கை கழுவாமலேயே பல்கலைக்கழகப் படிப்புகளின் கையேட்டை எடுத்தேன். தலையணைக் கனத்தில் ஒரு புத்தகம். வருட ஆரம்பத்திலிருந்தே அதில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். எஞ்சினியரிங் சேர என்னென்ன வேண்டும்? ஆங்கிலம் கட்டாயம். கணக்கில் இரண்டு பாடம். இயற்பியலோ வேதியியலோ ஒன்று. திரும்பவும் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். நித்யாவின் தாளில் கணக்கு ஒன்றுதான் இருந்தது.

சாயங்காலம் காலில் மணலோடு வந்தாள்.

"இன்னொரு கணக்கு எங்கே?"

"அதை விட்டு ஒரு வருஷம் ஆச்சுப்பா. பிடிக்கலை."

"அது இல்லாம எஞ்சினியரிங்குக்கு விண்ணப்பமே போட முடியாதே!"

"நான் போடலையே. டீச்சிங்தான் போட்டிருக்கேன். சின்னப் பிள்ளைங்களுக்கு."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"அப்பா, அது என் ஃபார்ம்."

இங்கிலீஷில், குரலை உயர்த்தாமல் சொன்னாள். என் மனைவி விமலா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். "அவ சொல்றது சரிதானே" என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டு குக்கரை அடுப்பில் வைத்தாள். வீட்டில் என்னோடு சண்டை போடக்கூட ஆள் இல்லை. நான் மட்டும் கத்தினேன். உன் அத்தைக்குக் கிடைக்காததை நினைத்துப் பார்த்தாயா என்றுகூடக் கத்தினேன்.

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே வெட்கமாகப் போயிற்று. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஆவடியில் என் தங்கை கோமதிக்கு எஞ்சினியரிங் இடம் கிடைக்காமல் போனது. அவளுக்கு மதிப்பெண் இருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு தாள் இல்லை, அவ்வளவுதான். அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நான்.

2

எங்கள் அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். சொந்த ஊர் தெற்கே. ஜபல்பூரில் பல வருடம் வேலை பார்த்து, மாற்றல் கேட்டுக் கேட்டு, ஒருவழியாக ஆவடிக்கு வந்தார். நான் ஊரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவன், பி.யு.சி. காலத்து ஆள். பி.எஸ்சி. முடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். அப்பா குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் நாங்களும் அங்கேயே போய்விட்டோம். அப்பா, அம்மா, கோமதி, நான், விமலா, குழந்தை நித்யா. இரண்டு அறையில் ஆறு பேர்.

குவார்ட்டர்ஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கட்-ஆஃப் சார். அப்போது நுழைவுத் தேர்வு புதிது. பிள்ளை பாஸ் பண்ணினால் காலேஜ் என்று நினைத்திருந்த மனிதர்களுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. கணக்குப் பாடத்தின் இருநூறை நூறாக்க வேண்டும். இயற்பியல், வேதியியல் இரண்டையும் சேர்த்து இன்னொரு நூறாக்க வேண்டும். அதோடு நுழைவுத் தேர்வின் நூறு. ஆக முந்நூறு. மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர் என்று ஒவ்வொருவராக மார்க் ஷீட்டை மடித்துக்கொண்டு வருவார்கள். நான் கிழித்த காலண்டர் தாளின் முதுகில் போட்டுக் காட்டுவேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணுகிறவனுக்கு வேறு எங்கே அந்த மரியாதை கிடைக்கும்?

நான் பாதி வகுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டு கோமதி விடையைச் சொல்லிவிடுவாள். "அண்ணே, இருநூத்தி முப்பத்தொண்ணே கால்!" வந்தவர் சிரிப்பார். நான் சிரிக்காமல் கடைசி வரை வகுத்துப் பார்ப்பேன். அதே விடைதான் வரும்.

அவளுக்கு எஞ்சினியரிங் ஆசை எப்போது வந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தாரைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். மற்றப் பெண்பிள்ளைகள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நிற்க, இவள் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதை யாருப்பா வரைஞ்சது?"

"எஞ்சினியர்மாரு வரைவாங்க. நாங்க அதைப் பார்த்துச் செய்வோம்" என்றார் அப்பா.

"தப்பா வரைஞ்சிருந்தா?"

அப்பா அந்தக் கேள்வியை ஒர்க்ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு பெண்பிள்ளையை மெக்கானிக்கல் படிக்க வைக்கப் போகிறேன் என்று ஃபோர்மேனிடமே சொல்லிவிட்டார். பிளஸ் டூவில் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்களில் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். நுழைவுத் தேர்வும் நன்றாக எழுதியிருந்தாள். நான் போட்ட கணக்கில் அவளுக்குச் சென்னையிலேயே இடம் உறுதி. அந்த வாரம் அப்பா சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினார்.

3

விண்ணப்பத்தோடு வந்த விதிப் புத்தகத்தை நான் மூன்று முறை படித்தேன். கடைசி ஐந்து வகுப்புகளைத் தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் வைக்க வேண்டும், தகுதி வாய்ந்த அதிகாரி தர வேண்டும் என்று அதில் இருந்தது. கோமதி ஒன்பதிலிருந்து ஆவடியில் படித்தாள். எட்டாவது மட்டும் ஜபல்பூர். ஒரே ஒரு வருடம்.

எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. ஏன் என்று குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்களுக்குத்தான் புரியும். அங்கே ரேஷன் கார்டு வேண்டுமா, பள்ளியில் சேர்க்க வேண்டுமா, கேஸ் இணைப்பு வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையின் சீல் போதும். மத்திய அரசு ஊழியர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சொந்த ஊருக்கு இலவசமாக ரயிலில் போய் வரலாம். அதற்காக வேலையில் சேரும்போதே சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஹோம் டவுன் டிக்ளரேஷன் என்பார்கள். அப்பாவின் டிக்ளரேஷனில் எங்கள் ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் பளிச்சென்று டைப் அடித்திருந்தது. கீழே மேனேஜர் கையெழுத்து. வட்டமாக ஊதா சீல்.

"சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கான்லா, பெறவு என்ன?" என்றார் அப்பா.

தகுதி வாய்ந்த அதிகாரி என்றால் எங்களுக்கு மேனேஜர்தான். அவருக்கு மேல் ஓர் அதிகாரியை அந்தக் குவார்ட்டர்ஸில் யாரும் பார்த்ததில்லை. நான் அதன் நகலை விண்ணப்பத்தோடு குத்தி வைத்தேன்.

குவார்ட்டர்ஸ் வாசல் டீக்கடையில் வேலுவைப் பார்த்தேன். வேலு பருத்திப்பட்டுக்காரர். ஏரிக்கரையில் பயிர் வைத்த குடும்பம். நிலம் சுருங்கிப் போனதால் பூந்தமல்லியில் சர்க்கார் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், தங்கச்சிக்கு பாரம் போட்டாச்சா? நேட்டிவிட்டி வாங்கிக்கினியா?"

டிக்ளரேஷனைப் பற்றிச் சொன்னேன். அவர் டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டார்.

"சார், உங்க ஃபேக்டரி சீலு உங்க கேட்டுக்குள்ளாரதான் ராஜா. கேட்டத் தாண்டினா தாசில்தாருதான். ஊருக்குப் போயி ரெண்டு நாளு குந்திக்கினு இருந்து வாங்கிக்கினு வந்துடு. இன்னும் டைம் கீது."

"மத்திய சர்க்கார் சீல் வேலு இது."

"எந்த சர்க்காரா இருந்தா இன்னா? நான் தெனம் பாக்கறேன் சார். ஒரு தாளு இல்லன்னா தூக்கி ஓரமா கடாசிட்டு பூடுவான்."

நான் சிரித்தேன். நான் பி.எஸ்சி., அவர் எட்டாவது. ஆனால் வேலு விடவில்லை, அப்பாவிடமும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு லேசாகக் கிலி பிடித்துக்கொண்டது. "எதுக்கும் நீ ஒரு எட்டு போய் அட்மிஷன் ஆபீஸ்லயே கேட்டுட்டு வந்திருடே. வேணும்னு சொன்னாம்னா நான் ராத்திரி வண்டியிலயே ஊருக்குப் போயிருதேன்" என்றார்.

ஒரு நாள் லீவு போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கேட்டுட்டேன், இதுவே போதுமாம்" என்றேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். மறுநாள் பதிவுத் தபாலில் விண்ணப்பம் போயிற்று.

4

போன மார்ச்சில் நித்யாவின் பள்ளியில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். பல்கலைக்கழகம் சேர என்ன வேண்டும் என்று விளக்குகிற கூட்டம். கோட்டுப் போட்டுக்கொண்டு போன ஒரே தகப்பன் நான்தான். மற்றவர்கள் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார்கள்.

மேல்படிப்பு ஆலோசகர் என்று ஓர் அம்மாள். நான் எழுந்து, கம்யூனிட்டி சர்டிபிகேட் வேண்டுமா என்று கேட்டேன். சமூக சேவைக்கான சான்றிதழா, இருந்தால் ரொம்ப நல்லது என்று அவர் முகமெல்லாம் மலரச் சொன்னார். நித்யா தலையைக் குனிந்துகொண்டாள். வரும்போது காரில், "இனிமே நீங்க வர வேண்டாம்ப்பா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். என்னைப் புண்படுத்தக் கூடாது என்று நினைக்கும்போது மட்டும் அவள் தமிழில் பேசுவாள்.

கூட்டத்தில் கொடுத்த மாதிரி விண்ணப்பத்தில் எங்கே வசிக்கிறாய் என்று ஒரு கேள்வி. அதற்கு ஒரு கட்டம், கட்டத்தில் ஒரு டிக். என் தகப்பனார் எந்தத் தாலுகாவில் பிறந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல நாடு என்று நீங்கள் சொல்லலாம். நான் அந்தத் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

5

ஜூலையில் கோமதியின் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. கலந்தாய்வுக்கு அழைப்பு என்று நினைத்து அம்மா வாசலிலேயே நின்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். கடிதத்தில் இரண்டு வரிதான். பிறப்பிடச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. விண்ணப்பதாரர் மாநிலத் தரவரிசையில் சேர்க்கப்படவில்லை.

அப்பா அன்று இரவே ரயில் ஏறினார். இரண்டே நாளில் தாசில்தார் சான்றிதழோடு திரும்பி வந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். அப்பாவும் நானும் கோமதியும் அதை எடுத்துக்கொண்டு அட்மிஷன் ஆபீஸுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் அப்பா ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தார். தரவரிசை முடிந்துவிட்டது, இனி சேர்க்க வழியில்லை, அடுத்த வருடம் பாருங்கள் என்றார்கள். கோபப்படாமல்தான் சொன்னார்கள். அப்பா தொழிற்சாலை சீல் போட்ட தாளையும் தாசில்தார் தாளையும் அடுத்தடுத்து மேஜையில் வைத்து, "ரெண்டுலயும் ஒரே ஊருதானய்யா இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரே ஊர்தான் இருந்தது.

அடுத்த வருடம் என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் அவ்வளவு லேசான சொல் இல்லை. மறு வருடம் அப்பாவுக்கு ஓய்வு. ஓய்வுக்கு முன்னால், குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன்னால், பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நாலு நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போதே, தொழிற்சாலை மண்டபம் கிடைக்கும்போதே செய்துவிட வேண்டும். நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் எங்களுக்கு விசா வந்துவிட்டது. கோமதியின் கல்யாணம் முடிந்த ஐந்தாம் வாரம் நானும் விமலாவும் நித்யாவும் விமானம் ஏறினோம்.

இப்போது அவள் திருநின்றவூரில் இருக்கிறாள். கணவர் சாது. அவளுக்குத் தினமும் மின்சார ரயிலில் அம்பத்தூருக்குப் போய் ஒரு கம்பெனியில் சரக்குகளைத் தரம் பார்க்கிற வேலை. எஞ்சினியர்கள் வரைந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, உதிரி பாகத்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள்.

6

இதுவரை எழுதியது என் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இனி எழுதுவது விமலாவுக்கும் தெரியாது.

லீவு போட்ட அன்று நான் அட்மிஷன் ஆபீஸுக்குப் போகவில்லை. பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போனேன்.

வெளிநாடு போகும் யோசனையை அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்தோம். ஒரே மகன் போகிறேன் என்றால் அந்த மனிதர் உடைந்து போவார் என்று பயம். பாஸ்போர்ட்டுக்கென்று தனியாக லீவு போட்டால் ஏன் என்று வீட்டில் கேட்பார்கள். கோமதிக்காகப் போகிறேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் அங்கே போய்விட்டு மத்தியானம் அட்மிஷன் ஆபீஸுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வரிசை நகரவில்லை. என் முறை வந்தபோது மூன்றரை மணி. வெளியே வந்தால் பசி, வெயில், தலைவலி. பஸ் பிடித்துப் போயிருந்தால் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம். நான் சென்ட்ரலுக்கு நடந்தேன். ஆவடி வண்டியில் உட்கார்ந்துகொண்டு, போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள், மத்திய சர்க்கார் சீல் ஆயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்புவது சௌகரியமாக இருந்தது, நம்பினேன்.

கடிதம் வந்த பிறகு அப்பா கேட்டார்: "யாருடே உங்கிட்ட போதும்னு சொன்னான்?"

"ஜன்னல்ல இருந்த ஒரு கிளார்க்" என்றேன்.

அப்பா அவனைத் தேட வேண்டும் என்றார். ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டார். கண்ணாடி போட்டவன் என்றேன், கொஞ்சம் வழுக்கை என்றேன். அன்று அந்த ஆபீஸில் அப்பா ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தது இதற்காகத்தான். அதன் பிறகு சாகும் வரை அவர் அந்தக் கிளார்க்கைத் திட்டினார். எனக்கு எழுதிய கடிதங்களில் திட்டினார். கோமதியின் கல்யாணத்தில், பந்தியில் நின்றுகொண்டு, சம்பந்தியிடம் திட்டினார். எவனோ ஒரு கண்ணாடிக்காரன் எம் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டான் என்று. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட அந்தப் பேச்சு வந்தது என்று அம்மா சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கிளார்க் இன்னும் எங்கள் வீட்டில் உயிரோடுதான் இருக்கிறான்.

7

நித்யாவின் மேல் இருந்த ஆத்திரம் அடங்காமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோமதிக்கு ஃபோன் செய்தேன். அங்கே காலை நேரம். நித்யா செய்ததையெல்லாம் சொன்னேன். கணக்கை விட்டதை, என்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்ததை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"விதியெல்லாம் படிச்சுப் பார்த்துத்தான் எழுதினாளா?"

"படிச்சிருக்கா. ஒரு தப்பும் இல்லை."

"அப்ப விடுண்ணே. அவளே படிச்சு அவளே எழுதினா நல்லதுதான்."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "அன்னைக்கு அந்தக் கிளார்க் மட்டும்..." என்று ஆரம்பித்தேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

"வேண்டாம்ணே" என்றாள்.

பின்னணியில் ரயில் போகிற சத்தம் கேட்டது.

"அந்த வாரம் உன் சட்டையைத் துவைச்சது நான். பையில பாஸ்போர்ட் ஆபீஸ் ரசீது இருந்துது. நீ லீவு போட்ட அன்னைக்குத் தேதி. சரி, ரெண்டு இடத்துக்கும் போயிருப்பன்னு நினைச்சுக்கிட்டேன். லெட்டர் வந்த அன்னைக்குத்தான் புரிஞ்சுது."

"ஏன் கேட்கலை?"

"கேட்டிருந்தா நீ என்கிட்டயும் பொய் சொல்லியிருப்ப. சீட்டுதான் போச்சு, அண்ணனும் போக வேண்டாம்னு இருந்துட்டேன். அப்பா அந்த ஆளைத் திட்ட ஆரம்பிச்சா மட்டும் எழுந்து உள்ள போயிடுவேன். அதுதான் கஷ்டமா இருக்கும்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். உண்மையிலேயே சொன்னேனா, சொல்ல வாயைத் திறந்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"நித்யாகிட்டக் குடுண்ணே" என்றாள். "பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லணும்."

கூப்பிட்டேன். நித்யா வந்து ஃபோனை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தட்டுத் தடுமாறிய தமிழில், என்ன படிக்கப் போகிறேன், எந்தக் காலேஜ், ஏன் கணக்கை விட்டேன் என்றெல்லாம் சொன்னாள். அவள் என்னிடம் அவ்வளவு பேசி வருடக்கணக்காகிறது. அத்தை ஏதோ கேட்க, இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பேசி முடித்ததும் என்னிடம் தருவாள் என்று கையை நீட்டினேன்.

"அத்தை வச்சுட்டாங்கப்பா" என்றாள்.